பேர் வந்த கதை

பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும், அதுவும் பெற்றோர் படித்தால் புரிகிற மாதிரி இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் அவர்கள் பணித்தபோது, தலைப்புக்காக நான் அதிகம் அலையவில்லை. மேசை மேல் பரிசு பெறும் மாணவர்களின் பட்டியல் கிடந்தது. விழா மேடையில் ஒலிபெருக்கியில் அந்தப் பேர்களைத்தான் ஒவ்வொன்றாகக் கூப்பிடப் போகிறார்கள். பெற்ற தாய்க்கு அந்த ஒரு நொடியில் காது குளிரும். அப்படிக் குளிர வைக்கிற அந்தப் பேர் எங்கிருந்து வந்தது, மற்ற இனத்தார் தங்கள் பிள்ளைகளுக்கு எப்படிப் பேர் வைக்கிறார்கள் என்று கொஞ்சம் பார்ப்போமே!

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். மகனுடைய மகனை நாம் பேரன் என்கிறோம். ஏன் அந்தச் சொல்? பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று. தாத்தாவின் பெயரைத் தாங்கி வருகிறவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்கி வருகிறவள் பெயர்த்தி, அதாவது பேத்தி. தலைமகனுக்குத் தாத்தா பேரை வைப்பது நம் முன்னோரின் பழக்கம். அந்தப் பழக்கமே உறவுமுறைச் சொல்லாகிவிட்டது என்றால் அது எத்தனை ஆழமாக வேரூன்றியிருக்க வேண்டும்! கிரேக்கர்களும் இன்றுவரை தலைப்பிள்ளைக்குத் தாத்தா பேரைத்தான் வைக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. ஆனால் பெற்ற பிள்ளைக்கு அதே பேர்! அப்புறம் எப்படிக் கூப்பிடுவது? ‘தம்பி’, ‘ராசா’, ‘சின்னவன்’ என்று ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பார்கள். லயத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டுப் பேர் ஒன்று, பள்ளிக்கூடப் பேர் ஒன்று என்று இரண்டு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் அண்டை வீட்டுச் சீனரைப் பாருங்கள். பெரியவர்களிடம் அவர்களுக்கும் அதே மரியாதைதான். ஆனால் வழக்கமோ நேர் எதிர். தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது அவர்களுக்கு அவமரியாதை. மூதாதையர் பேரில் உள்ள எழுத்தைக்கூடத் தவிர்ப்பார்கள். பேரரசர் பேரென்றால் நாடே அந்த எழுத்தை ஒதுக்கி வைக்கும். சீனர் மூன்கேக் சாப்பிட்டு விளக்கேற்றிக் கொண்டாடும் விழாவில் வருகிற நிலா தேவதையின் பேர் சாங்-அ. அவளுடைய பழைய பேர் ஹெங்-அ. கி.மு. 180இல் ஆட்சிக்கு வந்த ஹான் மரபுப் பேரரசர் வென் என்பவரின் இயற்பெயர் ஹெங். தேவதையாக இருந்தால் என்ன, மன்னன் பேர் கூடாது என்று அவளுக்கே பேரை மாற்றிவிட்டார்கள்!

சீனருக்குக் குடும்பப் பேர் முன்னால் வரும், சொந்தப் பேர் பின்னால் வரும். டத்தோ சர் டான் செங் லோக் என்றால் ‘டான்’தான் குடும்பப் பேர். ஹொக்கியன்காரர் டான் என்பதைக் கண்டனீஸ்காரர் சான் என்பார், மண்டரினில் அது சென். எழுதினால் மூன்றும் ஒரே எழுத்து. நடுப்பேரைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். அண்ணன் தம்பிகள், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எல்லாருக்கும் அது ஒன்றாகவே இருக்கும். குடும்பத்தார் முன்னமேயே ஒரு செய்யுள் எழுதி வைத்திருப்பார்கள். தலைமுறைக்கு ஓர் எழுத்து. முன்பின் தெரியாத இருவர் சந்தித்தாலும் நடுப்பேரை வைத்து யார் யாருக்குச் சித்தப்பா முறை என்று சொல்லிவிடலாம். இப்போது இந்த வழக்கம் குறைந்து வருகிறது.

பிறந்த வரிசையைப் பேராக்குவதும் உலகமெங்கும் உண்டு. மலாய்க் குடும்பங்களில் மூத்தவர் அலோங், நடுவிலுள்ளவர் அங்ஙா, இளையவர் ஊடா, கடைசிப்பிள்ளை ஊசு. சூலுங், தெங்ஙா, மூடா, பொங்சு என்ற சொற்களின் குறுக்கம் இவை. நம்மவர் பெரியவன், நடுவுலவன், சின்னவன் என்பது போலத்தான். ஜப்பானியரில் இச்சிரோ மூத்த மகன், ஜிரோ இரண்டாமவன், சபுரோ மூன்றாமவன். பழைய ரோமாபுரியில் குவிண்டஸ் என்றால் ஐந்தாவது, செக்ஸ்டஸ் என்றால் ஆறாவது. ஆண்பிள்ளைகளுக்காவது இது கிடைத்தது. பெண்களுக்கு அங்கே தனிப்பேரே கிடையாது. குலப்பேரைத்தான் சொல்வார்கள். மாபெரும் ஜூலியஸ் சீசருக்கு இரண்டு சகோதரிகள். இருவர் பேரும் ஜூலியா. அத்தை பேரும் ஜூலியா, மகள் பேரும் ஜூலியா! உலகையே ஆண்ட ரோமருக்குப் பெண்பிள்ளைக்கு வைக்க ஒரு பேர் கிடைக்கவில்லை. நம் வீட்டில் செல்லம்மா, பொன்னம்மா, மயிலு, முத்தழகு என்று எத்தனை!

ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அகான் மக்கள் பிறந்த கிழமையைப் பேராக வைப்பார்கள். வெள்ளிக்கிழமை பிறந்தவன் கோஃபி, சனிக்கிழமை பிறந்தவன் குவாமே. 1997 முதல் 2006 வரை ஐக்கிய நாட்டுச் சபையின் தலைமைச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமைக்காரர். நம் மலாயா விடுதலை பெற்ற அதே 1957ஆம் ஆண்டில் கானாவும் விடுதலை பெற்றது. அதற்குத் தலைமை தாங்கிய குவாமே நிக்ருமா சனிக்கிழமைக்காரர். நம்மவர் சனிக்கிழமை பிறந்த பிள்ளைக்கு அப்படிப் பேர் வைக்கத் துணிவார்களா, சொல்லுங்கள்!

மலாய்ப் பேர்களில் பெரும்பாலானவை அரபு மொழியிலிருந்து இசுலாத்தோடு வந்தவை. அப்துல் ரஹ்மான் என்றால் அருளாளனின் அடியவன் என்று பொருள். ஆகையால் ஒருவரை வெறும் ‘அப்துல்’ என்று கூப்பிடுவது பொருந்தாது. ‘இன்னாரின் அடியவன்’ என்பதில் இன்னாரை விட்டுவிட்டு அடியவனை மட்டும் கூப்பிட்டதாகிவிடும். மாணவர்கள் இதை நினைவில் கொள்ளவும். ஆனால் அரபுச் சொல் வருவதற்கு முன்பிருந்த பேர்களும் மறைந்துவிடவில்லை. மெலோர் என்றால் மல்லிகை. செம்பாக்கா நம் சண்பகமே. புத்ரி, சூரியா, தேவி என்பவை வடமொழிச் சொற்கள். பேர் என்பதற்கு மலாய்க்காரர் சொல்லும் ‘நாமா’ என்ற சொல்லும் நம் ‘நாமம்’தான். 1400ஆம் ஆண்டு வாக்கில் மலாக்காவை நிறுவியவர் பேர் பரமேசுவரா. அது சிவபெருமான் பேர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சீக்கியரில் ஆண்கள் எல்லாருக்கும் சிங், பெண்களுக்கெல்லாம் கௌர். 1699இல் குரு கோவிந்த் சிங் அனந்தப்பூரில் கால்சா அமைப்பை உண்டாக்கியபோது ஏற்படுத்திய முறை இது. சிங் என்றால் சிங்கம். கௌர் என்றால் இளவரசி. சாதியைக் காட்டும் பின்பெயர் ஒழிந்து எல்லாரும் ஒரே குடும்பம் ஆகவேண்டும் என்பது நோக்கம். ஹர்ஜித், மன்ஜித் என்ற முற்பேர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. சிங்கப்பூரில் இருப்பதும் அதே சிங்கந்தான்.

கிறித்துவப் பேர்களில் நான் மிகவும் ரசிப்பது சவரிமுத்து. ஸ்பெயின் நாட்டு வடக்கே பாஸ்க் மொழியில் ‘எச்சே பெரி’ என்றால் புது வீடு. அந்தப் பேருள்ள கோட்டையில் பிறந்ததால் சவேரியார் என்று பேர் பெற்ற பாதிரியார், 1542 முதல் தமிழகத்து முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே ஊழியம் செய்தார். 1545இல் நம் மலாக்காவுக்கும் வந்தார். இறந்தபின் அவர் உடல் சில மாதங்கள் மலாக்காவில்தான் புதைக்கப்பட்டிருந்தது. அந்தச் சவரியோடு கடலோரத்து முத்து சேர்ந்தது. ஆக, சவரிமுத்து என்ற ஒரு பேருக்குள் பாஸ்க் நாட்டுக் கோட்டையும் தூத்துக்குடிக் கடலும் இருக்கின்றன. யோவான் என்ற எபிரேயப் பேருக்கு ‘ஆண்டவன் அருள் புரிந்தான்’ என்று பொருள். அதுவே ஆங்கிலத்தில் ஜான், ருஷ்யாவில் இவான், ஸ்பெயினில் ஹுவான், அரபு மொழியில் யஹ்யா. தமிழ்க் கத்தோலிக்கரோ பொருளையே எடுத்துக்கொண்டு அருளப்பன் என்று வைத்துவிட்டார்கள். பவுல் என்ற இலத்தீன் பேருக்குச் சிறியவன் என்று பொருள், அதனால் சின்னப்பன். எவ்வளவு அழகு!

அழகான பேர்களைச் சொன்னேன். இனி அழகில்லாத பேர்களைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை நான் எழுத வந்ததே அதற்காகத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னேன். ஒரு மாணவி தன் கொள்ளுப்பாட்டி பேரை ‘குப்பாயி’ என்று எழுதியிருந்தாள். பக்கத்துப் பிள்ளைகள் ஒரே சிரிப்பு. “குப்பையா? ஒங்க பாட்டி பேரு குப்பையா?” மறுநாள் பார்த்தால், அந்தப் பேரை ரப்பரால் அழித்துவிட்டு ‘குமுதா’ என்று எழுதி வைத்திருந்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அழித்திருந்தாள். அன்று கணிதப் பாடத்தை நிறுத்திவிட்டு அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் பிள்ளை பெறுவது பாதி, பிழைப்பது பாதி. மலைக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தோட்டங்களில் பிள்ளைகளை வாரிக்கொண்டு போயின. கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர் 1901 முதல் சதுப்பு நிலங்களை வெட்டி வடியவிட்டுக் கொசுவை ஒழித்த பின்னரே மலைக்காய்ச்சலைத் தடுக்க முடியும் என்பது இந்நாட்டில் விளங்கிற்று. ஆனால் எல்லாத் தோட்டத்துக்கும் அந்த வழி உடனே வந்துவிடவில்லை. இரண்டு பிள்ளை, மூன்று பிள்ளை என்று தொடர்ந்து பறிகொடுத்த தாய் என்ன செய்வாள்? அடுத்த பிள்ளை பிறந்ததும் அதைக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி எடுப்பாள். ‘இது குப்பை, இது யாருக்கும் வேண்டாம்’ என்று எமனுக்குச் சொல்வதாக அர்த்தம். அந்தப் பிள்ளைதான் குப்பன், குப்புசாமி, குப்பம்மாள், குப்பாயி. பிள்ளையை அடுத்த வீட்டில் கொடுத்து, மடியேந்திப் பிச்சையாக வாங்கி வந்தால் பிச்சை, பிச்சைமுத்து, பிச்சையம்மாள். மூக்குக் குத்தி அடையாளம் வைத்தால் மூக்கன், மூக்காயி. ஒரு படி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை விலைக்கு வாங்குவதும் உண்டு. “ஒன்ன தவிட்டுக்கு வாங்கினோம்” என்று இப்போது விளையாட்டுக்குச் சொல்கிறோமே, அது விளையாட்டாகத் தொடங்கியதல்ல. மண்ணாங்கட்டி என்ற பேரும் அந்த வகைதான்.

இது நம்மவர் மட்டும் செய்த மூடத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மங்கோலியாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் அடுத்த பிள்ளைக்கு நெர்குய் என்று வைப்பார்கள். ‘பேரில்லை’ என்று அர்த்தம். எனெபிஷ் என்றால் ‘இது அல்ல’. ஹூன்பிஷ் என்றால் ‘மனிதன் அல்ல’. தேடி வருகிற பேய் ஏமாந்து திரும்ப வேண்டுமாம். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் நோய்ப்பட்ட பச்சைக் குழந்தைக்கு ஆல்ட்டர் என்று பேர் வைத்தார்கள். கிழவன் என்று பொருள். எமன் பாலகனைத் தேடி வந்தால் கிழவன் இருக்கட்டும் என்றுதான். சீனர் ஆண்பிள்ளையை நாய்க்குட்டி என்று கூப்பிட்டார்கள். மலாய்க்காரர் பிள்ளை அடிக்கடி நோய்ப்பட்டால் வைத்த பேர் பொருந்தவில்லை என்று வேறு பேர் மாற்றினார்கள். எந்த மொழியானால் என்ன, பெற்றவள் பயம் ஒன்றுதான். குப்பாயி என்ற பேர் இழிவான பேரல்ல, பிள்ளைகளே. அதைவிட ஆசையாக வைத்த பேர் கிடையாது.

ஆனால் ஆசையில்லாமல் வைத்த பேரும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. வரிசையாகப் பெண்ணாகப் பிறந்த வீட்டில் ‘போதும்பொண்ணு’ என்று வைத்தார்கள். சீனரிலும் பெண்பிள்ளைக்குச் ‘சாவ்-தி’ என்ற பேர் உண்டு. ‘தம்பியை அழைத்து வா’ என்று பொருள். ஆயுள் முழுக்க அந்தப் பேரைச் சுமக்கிறவள் மனம் என்ன பாடுபடும்? இந்தப் பேரை மாற்றிக்கொள்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

சாதியால் வந்த குறையும் பேரில் ஒட்டியிருந்தது. ஊரில் ஒடுக்கப்பட்டவர்கள் பிள்ளைக்கு மதிப்பான பேர் வைத்தால் மேல்சாதிக்காரர் பொறுக்கமாட்டார். ராமசாமி என்று வைத்தாலும் சாமியை வெட்டி ‘ராமா’ என்றுதான் கூப்பிடுவார். 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பேருக்குப் பின்னால் சாதிப்பட்டம் போடக்கூடாது என்று தீர்மானம் செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து ஊர் ஊராகப் பேசினார். அதற்கும் முன்பே, 1916 வாக்கில், வேதாசலம் என்ற தமிழறிஞர் வேதத்தை மறையாகவும் அசலத்தை மலையாகவும் மாற்றி மறைமலையடிகள் ஆகியிருந்தார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். அந்த அலை கடல் தாண்டி நம் லயங்களுக்கும் வந்தது. இளங்கோவன், தமிழ்ச்செல்வி, கலைச்செல்வன், மலர்விழி என்ற பேர்கள் செக்ரோலில் ஏறின. பால் மரம் சீவுகிறவர் மகனுக்குச் சேர மன்னன் பேர் வைக்க யார் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. அது சின்னக் காரியமா?

என்றாலும் பழைய பேர்களைத் தூக்கி எறிந்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் பல குடும்பங்களுக்கு ஊர் முகவரி அந்தப் பேரில் மட்டுந்தான் மிச்சமிருக்கிறது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. அதன் பிறகு கங்காணிகள் ஆள் கட்டி வந்தார்கள். 1938இல் அதையும் இந்திய அரசு நிறுத்தியது. வந்தவர்களில் பலர் எழுத்து வாசனை அறியாதவர்கள். ஊர்ப்பேரைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே போய்விட்டார்கள். ஆனால் குலசாமி பேரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுடலைமுத்து, சுடலையாண்டி என்று தாத்தா பேர் இருந்தால் திருநெல்வேலிச் சீமைப் பக்கம் தேடலாம். பச்சையப்பன், பச்சையம்மாள், மன்னாதன், ஏழுமலை என்றால் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பக்கம். அழகர், அழகம்மாள் என்றால் மதுரை. முத்துக்கருப்பன் என்றால் புதுக்கோட்டை, சிவகங்கை. செல்லாயி என்றால் திருச்சிப் பக்கமாக இருக்கலாம். சிம்மாசலம், அப்பலசாமி என்றால் சந்தேகமே வேண்டாம், விசாகப்பட்டினத்துப் பக்கத்துச் சிம்மாசலக் கோயில் நரசிம்மர்தான். பாகான் டத்தோ பக்கம் இருக்கும் தெலுங்குக் குடும்பங்களில் இந்தப் பேர்கள் நிறைய. இதெல்லாம் சட்டமில்லை, ஒரு துப்புத்தான். மாரியம்மாவும் முனியாண்டியும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பேரை எழுதியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்துக் கிராணிமார் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். லெட்சுமி என்ற பேரை வடமொழிப்படி எழுதாமல் ‘டி, சி, எச்’ என்ற மூன்று எழுத்தை நடுவில் போட்டு எழுதியிருப்பார்கள். படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. நான் சிரிக்கமாட்டேன். பிரட்டுக் களத்தில் நின்ற அந்தம்மா தன் பேரை எப்படிச் சொன்னாரோ, அப்படியே அந்தக் குரல் தாளில் பதிந்திருக்கிறது.

மற்ற நாடுகளுக்குப் போன நம்மவருக்கு நேர்ந்ததை நினைத்தால் நாம் தப்பித்தோம் என்றே தோன்றுகிறது. நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. அப்பா பேர்தான் முன்னெழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஐஸ்லாந்து நாட்டாரும் அப்படித்தான். அப்பா பேரோடு ‘சொன்’ என்று சேர்த்தால் மகன், ‘தோத்திர்’ என்று சேர்த்தால் மகள். மலாய்க்காரரின் பின், பிந்தியும் அதுவே. ஆனால் 1854 முதல் குவாடலூப் தீவுக்கும் அதையொட்டி மற்றப் பிரெஞ்சுத் தீவுகளுக்கும் கப்பலேறிய தமிழருக்கு, வந்தவர் பேரையே குடும்பப் பேராக நிரந்தரமாக்கிவிட்டார்கள். முத்துசாமி ‘மூத்துசாமி’ ஆனார். அவர் பேரனுக்குப் பேரனும் மூத்துசாமிதான், முன்னால் மட்டும் ஒரு பிரெஞ்சுப் பேர். 1860இல் ‘டிரூரோ’ கப்பலில் தொடங்கித் தென்னாப்பிரிக்கா போனவர்களிடம் கவுண்டர் ‘கவெண்டர்’ ஆயிற்று, முதலி ‘மூட்லி’ ஆயிற்று. தமிழ் பேசத் தெரியாத அவர்கள் வீட்டில் தமிழ் என்று மிஞ்சியிருப்பது சில சமயம் அந்தப் பேர் ஒன்றுதான்.

பேர் அத்தனை சுலபத்தில் அழிவதில்லை. எகிப்து நாட்டுச் செங்கடல் துறைமுகமான குசேர் அல்-கதீமில் 1980 வாக்கில் தோண்டியபோது உடைந்த பானை ஓடுகளில் கண்ணன், சாத்தன் என்ற இரண்டு தமிழ்ப் பேர்கள் கிடைத்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. கீழடியில் குவிரன், ஆதன் என்று ஓடுகளில் கீறியிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே, தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், தட்டார் பொன் உரைக்கும் சின்னக் கல் ஒன்று கிடைத்திருக்கிறது. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டுக் கல். அதில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழில் பொறித்திருக்கிறது. இன்னாருடைய கல், யாரும் எடுக்காதே என்று பேர் போட்டு வைத்திருக்கிறார், நம் பிள்ளைகள் அழிரப்பரில் பேர் எழுதி வைக்கிற மாதிரி! அவர் மன்னரல்ல, புலவரல்ல. கடல் கடந்து வந்து உழைத்த ஒரு தொழிலாளி.

இவ்வாண்டு மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையுள்ள மாணவர்களிடம், தாத்தா பாட்டி, பூட்டன் பூட்டி பேர்களை வீட்டில் கேட்டு, அவர்கள் வந்த ஊரும் தெரிந்தால் சேர்த்து எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். பெற்றோர்கள் அருள்கூர்ந்து பிள்ளைகள் கேட்கும்போது விரட்டாமல் சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமே அனுப்புங்கள். இதுவரை அறுபத்து மூன்று பேர்கள் வந்திருக்கின்றன. அவற்றில் நான்கு முனியாண்டி, மூன்று சுடலைமுத்து, ஒரு சிம்மாசலம், இரண்டு பிச்சை. குப்பாயி என்ற பேர் மட்டும் ஐந்து வந்திருக்கிறது. ஐந்தையும் பிள்ளைகள் மையால் எழுதியிருக்கிறார்கள்.